மொட்டை மாடியில் சூரிய மின்சாரம்: மானியத்துக்கு முன் பார்க்க வேண்டிய கணக்குகள்

சொந்த வீட்டின் மொட்டை மாடியில் சோலார் தகடு பொருத்த நினைக்கும் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, "எவ்வளவு மானியம் கிடைக்கும்?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை மூன்றாவதாகக் கேட்பது நல்லது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணக் கணக்கு முதலில், மாடியில் விழும் நிழல் அடுத்து, அதன் பிறகே மானியம். இந்த வரிசை மாறும்போதுதான், 2 கிலோவாட் போதுமான வீட்டில் 3 கிலோவாட் தகடும், நிழலே விலகாத மூலையில், தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் விலையுயர்ந்த இன்வெர்ட்டரும், மின்தடையே அதிகம் இல்லாத ஊரில் லட்சக்கணக்கில் பேட்டரியும் வந்து சேர்கின்றன. தமிழ்நாட்டில் சொந்த வீடு வைத்திருப்பவர் எந்த வரிசையில் முடிவெடுக்க வேண்டும் என்பதை, எண்களோடு இங்கே எழுதுகிறேன்.

மானியத்தின் அளவு

பின்வரும் கணக்குகளுக்குத் தேவைப்படுவதால் மானியத்தின் அளவை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு 2024 பிப்ரவரி 13 அன்று தொடங்கிய 'பிரதமர் சூர்ய கர்' திட்டம், 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு, 2026-27 நிதியாண்டு வரைக்குமாக அறிவிக்கப்பட்டது. இதன்படி முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம். அதாவது 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் 5 பொருத்தினாலும் 10 பொருத்தினாலும் அதே 78,000 ரூபாய்தான்.

விற்பனையாளர்கள் "60 சதவீத மானியம்" என்று சொல்வதன் பொருளையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அரசு முதல் 2 கிலோவாட்டுக்கு 50,000 ரூபாயும் மூன்றாவதற்கு 45,000 ரூபாயும் அடிப்படை விலையாகக் கொண்டு, அவற்றில் முறையே 60, 40 சதவீதத்தை மானியமாக நிர்ணயித்தது. விற்பனையாளர் கேட்கும் விலை அந்த அடிப்படை விலையைவிட எவ்வளவு கூடினாலும் மானியத் தொகை கூடாது. கூடுதல் முழுவதும் வீட்டுக்காரர் கையிலிருந்துதான் போகும். அதேபோல, "மாதம் 300 யூனிட் இலவசம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து அரசு 300 யூனிட்டைத் தன் கணக்கில் தருகிறது என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் மாடியில் உங்கள் தகடு உற்பத்தி செய்வதே அந்த மின்சாரம்.

எத்தனை கிலோவாட் வேண்டும்

கடந்த ஓராண்டின் ஆறு மின் கணக்கீடுகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்தில் நுகர்வோர் எண்ணைக் கொடுத்தால் பழைய கணக்கீடுகள் கிடைக்கும். ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் எழுதுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் குளிர்சாதனம் ஓடிய கணக்கீட்டையும், மார்கழிக் குளிரில் மின்விசிறிகூட மெதுவாகச் சுழன்ற கணக்கீட்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் வீட்டின் உண்மையான தேவை தெரியும்.

தமிழ்நாட்டில் நிழலற்ற மாடியில் 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று கொள்வது வழக்கம். கோடையில் இது கூடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையிலும் டெல்டாவிலும், கணிசமாகக் குறையும். சராசரிக் கணக்கில் ஒரு கிலோவாட் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட், 2 கிலோவாட் 480 யூனிட், 3 கிலோவாட் 720 யூனிட்.

இனி, நம் மாநிலத்தின் அடுக்குக் கட்டணத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் கணக்கு மற்ற மாநிலங்களிலிருந்து பெரிதும் வேறுபடுவது இங்கேதான். 2024 ஜூலை திருத்தத்துக்குப் பின், மாநில அரசின் மானியம் போக வீடுகள் செலுத்தும் கட்டணம் இது. முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70 ரூபாய், 500 வரை 6.30 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 400 வரை முழுவதும் 4.70 ரூபாயாகிவிடும், அதன் பின் 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கும் மேல் 11.55 ரூபாய். தகடு பொருத்தி, இருவழி மீட்டர் வைத்த பிறகு, வீடு வெளியிலிருந்து எடுத்த மின்சாரத்திலிருந்து வெளியே அனுப்பிய மின்சாரத்தைக் கழித்து, மிஞ்சும் நிகர யூனிட்டுக்கே இந்தக் கட்டணம் வரும். எனவே தகடு முதலில் கழிப்பது மிக விலையுயர்ந்த மேல் அடுக்கு யூனிட்டுகளை. தகட்டின் அளவு கூடக் கூட அது கழிப்பது மலிவான கீழ் அடுக்கு யூனிட்டுகளை.

இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இப்போதைய கட்டணம் 3,825 ரூபாய். 2 கிலோவாட் பொருத்தினால் நிகரப் பயன்பாடு 220 யூனிட். கட்டணம் 329 ரூபாய். ஆண்டுக்கு ஏறக்குறைய 21,000 ரூபாய் மிச்சம். விலைப்புள்ளி 1,40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மானியம் போக 80,000 ரூபாய். நான்கு ஆண்டுக்குள் முதலீடு திரும்பிவிடும். சரி, 3 கிலோவாட்டாகவே பொருத்திவிடலாம், 78,000 ரூபாய் முழு மானியமும் கிடைக்குமே என்று தோன்றும். மூன்றாவது கிலோவாட்டுக்குக் கூடுதலாக 55,000 ரூபாய் ஆகிறது, அதில் 18,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது என்று கொள்வோம். கைச்செலவு 37,000 ரூபாய். அது மிச்சப்படுத்துவதோ, மீதியிருந்த அந்த 329 ரூபாயை மட்டும்தான். ஆண்டுக்கு 2,000 ரூபாய்கூட இல்லை. போட்ட பணம் திரும்ப 18 ஆண்டுக்கு மேலாகும்.

அதே மூன்றாவது கிலோவாட், 1000 யூனிட் செலவழிக்கும் வீட்டில் முற்றிலும் வேறு கதை. அந்த வீட்டின் இப்போதைய கட்டணம் 6,870 ரூபாய். 2 கிலோவாட்டில் நிகரம் 520 யூனிட்டாகி 2,208 ரூபாயாகும். 3 கிலோவாட்டில் 280 யூனிட்டாகி 611 ரூபாயாகும். மூன்றாவது கிலோவாட் மட்டும் ஆண்டுக்கு 9,500 ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடிக்கிறது. நான்கு ஆண்டில் தன் விலையைத் தானே கொடுத்துவிடுகிறது. இதில் 520 என்ற எண்ணைக் கவனியுங்கள். அது சரியாக 500-ஆக இருந்திருந்தால் கட்டணம் 1,805 ரூபாய்தான். கடைசி 20 யூனிட்டுக்காக 403 ரூபாய் கூடுகிறது. 500-ஐத் தாண்டியதும் கீழ் அடுக்கின் சலுகையும் பறிபோவதே காரணம். ஆகவே எந்தக் கணக்கீட்டிலும் நிகரப் பயன்பாடு 500-க்குக் கீழே இருக்குமாறு கிலோவாட்டைத் தேர்ந்தெடுப்பது நல்ல முதல் இலக்கு.

இந்தக் கணக்குகளில், மின்வாரியக் கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான வலையமைப்புக் கட்டணமோ கடன் வட்டியோ சேர்க்கப்படவில்லை. உங்களுக்கு அவை பொருந்துமானால் மிச்சத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு என் பரிந்துரை, இப்போதைக்குப் பொருத்த வேண்டாம் என்பதே. அந்த வீட்டின் கட்டணம் அதிகபட்சம் 235 ரூபாய். அதைக் குறைக்க 40,000 ரூபாய் போடுவதில் பொருளில்லை. மின்சாரக் காரோ இரண்டாவது குளிர்சாதனமோ வாங்கும் எண்ணம் உறுதியாக இருப்பவர்கள் மட்டும் வருங்காலத் தேவையைச் சேர்த்துக் கணக்கிடலாம். உபரி யூனிட்டுகள் அடுத்த கணக்கீட்டுக்கு வரவு வைக்கப்படும் என்பது உண்மை. பருவமழைக் காலக் குறைவை ஈடுகட்ட அது உதவும். மின்சாரத்தை விற்று வருமானம் பார்க்கலாம் என்று எண்ணித் தகடுகளைக் கூட்டுவது மட்டும் வேண்டாம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தனி மானியம் உண்டு. பொதுப் பயன்பாட்டு இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற அளவில், மொத்தம் 500 கிலோவாட் வரை. மின்தூக்கிக்கும் மோட்டாருக்குமான அந்தப் பொது இணைப்பில் 100 யூனிட் இலவசம் கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை. எனவே மின்தூக்கி உள்ள குடியிருப்புகளில் சங்கமே முன்வந்து பொருத்துவது, தனித்தனி வீடுகள் பொருத்துவதைவிடப் பல நேரங்களில் லாபமாக இருக்கும்.

மாடியும் நிழலும்

ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். இதில் 'நிழலற்ற' என்ற சொல்லுக்குத்தான் அழுத்தம். தகடுகள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரே ஒரு தகட்டின் மூலையில் விழும் நிழல் அந்த வரிசையின் உற்பத்தி முழுவதையும் கீழே இழுக்கும். நம் மாடிகளில் நிழல் தருபவை பெரும்பாலும் மூன்று: தண்ணீர்த் தொட்டி, மாடிப்படிக் கூண்டு, பக்கத்து வீட்டுத் தென்னை.

நிழலை எந்த மாதத்தில் பார்க்கிறோம் என்பது முக்கியம். விற்பனையாளரின் ஆள் மே மாத நண்பகலில் வந்து பார்த்துவிட்டு "நிழலே இல்லை" என்று சொன்னால், அது அந்த மாதத்துக்கு மட்டுமே உண்மை. மே மாதத்தில் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு மேலே நிற்கிறது. டிசம்பர் இறுதியில் சென்னையில் நண்பகலில்கூடச் சூரியன் தெற்கே சரிந்து ஏறக்குறைய 53 பாகை உயரத்தில்தான் இருக்கும்; 2 மீட்டர் உயரத் தொட்டியின் நிழல் அப்போது வடக்கே ஒன்றரை மீட்டர் நீளும், காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அது இரண்டு, மூன்று மடங்காக நீளும். எனவே தொட்டிக்கும் படிக்கூண்டுக்கும் தெற்கே இடம் கிடைத்தால் அங்கே பொருத்துவது நல்லது. வடக்கே பொருத்துவதைத் தவிர வழியில்லை என்றால், போதிய இடைவெளி விட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஒரு விடுமுறை நாளில் காலை 9, நண்பகல் 12, மாலை 4 என மூன்று வேளை மாடியேறிச் சுண்ணக்கட்டியால் நிழலின் எல்லையைக் கோடிட்டு வைத்தால், அதைவிட நம்பகமான ஆய்வு எதுவும் இல்லை.

தகடு தெற்குப் பார்த்து, ஏறத்தாழ ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். கன்னியாகுமரியில் அது 8 பாகை, சென்னையில் 13 பாகை. வட இந்திய வழக்கப்படி 25 பாகை சாய்த்தால் நமக்கு உற்பத்தியும் குறையும், காற்றும் அதிகம் பிடிக்கும். காற்று என்பது கடலோர மாவட்டங்களில் சிறிய விஷயமில்லை. 2016 டிசம்பரில் சென்னையை வர்தாவும், 2018 நவம்பரில் வேதாரண்யம் பகுதியைக் கஜாவும் தாக்கியபோது பார்த்த காற்றைத் தாங்கும் சட்டகமா என்று எழுத்தில் கேளுங்கள். துணி உலர்த்தவும் வடகம் காயவைக்கவும் மாடி வேண்டும் என்பதால், ஆள் உயரத்துக்கு மேல் தகடுகளைத் தூக்கிப் பொருத்துவது இப்போது பரவலாகிவிட்டது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் உயரம் கூடக் கூடச் சட்டகத்தின் எடையும் அடித்தளமும் கூட வேண்டும். அதற்குத் தனி விலை உண்டு. கடற்கரைக்கு அருகில் உள்ளவர்கள், சாதாரண இரும்பில் வண்ணம் பூசிய சட்டகத்தை ஏற்கவே வேண்டாம். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு அல்லது அலுமினியம், துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள் ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே குறிப்பிடச் செய்யுங்கள்.

சட்டகத்துக்காகத் தளத்தைத் துளையிடுவதா, சிமெண்ட் கட்டைகளின் மேல் நிறுத்துவதா என்பதும் முன்பே முடிவாக வேண்டும். தட்டோடு பதித்த பழைய மாடிகளில் ஒவ்வொரு துளையும் நாளைய நீர்க்கசிவுக்கு வழி. துளையிட்டே ஆக வேண்டுமென்றால் அதை அடைத்து நீர்த்தடுப்புச் செய்யும் பொறுப்பு யாருடையது என்று எழுதி வாங்க வேண்டும்.

பேட்டரி வேண்டுமா

இதில்தான் மக்களுக்கு அதிகக் குழப்பம். வீட்டின் மேல் தகடு இருந்தால் மின்தடையின்போதும் விளக்கெரியும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண இணைப்பில் எரியாது. வெளியே மின்சாரம் நின்றதும், கம்பத்தில் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கும் பொருட்டு, இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிட வேண்டும் என்பது விதி. உச்சி வெயிலில் தகடுகள் தகதகத்துக்கொண்டிருக்கும்போதே வீடு இருண்டிருக்கும். மின்தடையிலும் மின்சாரம் வேண்டுமென்றால், மின்வாரியக் கம்பி, பேட்டரி இரண்டோடும் இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும்.

சூர்ய கர் திட்டத்தில் பேட்டரிக்குத் தனி மானியம் இல்லை. பேட்டரியோடு கூடிய அமைப்பைப் பொருத்தலாம்; அது மின்வாரியக் கம்பியோடு இணைந்திருக்கும் வரை, தகடுகளுக்கான மானியம் வழக்கம்போல் கிடைக்கும். கம்பியோடு இணையாமல் பேட்டரியில் மட்டும் ஓடும் அமைப்புக்கு அந்த மானியமும் கிடையாது. பேட்டரிக்குச் சலுகை இல்லாதது குறைபாடாகத் தோன்றலாம், ஆனால் நம் கட்டண முறையில் அதற்கொரு காரணம் இருக்கிறது. நண்பகலில் வெளியே அனுப்பிய ஒரு யூனிட்டை, இரவில் ஒரு யூனிட்டாகவே திரும்ப எடுத்துக்கொள்ள நிகர அளவீடு அனுமதிக்கிறது. வீடுகளுக்கு நேரத்துக்கேற்ற கட்டணமும் இல்லை. ஆகவே மின்வாரியக் கம்பியே இழப்பில்லாத பேட்டரியாக வேலை செய்கிறது. சொந்தப் பேட்டரியால் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது, மின்னேற்றி இறக்குவதில் கொஞ்சம் இழப்பும் உண்டு. வெளியே அனுப்பும் மின்சாரத்துக்கு மிகக் குறைந்த விலையே கிடைக்கும் ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. அங்கே 2025 ஜூலை முதல் வீட்டு பேட்டரி விலையில் ஏறக்குறைய 30 சதவீதத்தை அரசு குறைத்துத் தருகிறது. அங்குள்ள உறவினர் சொல்லும் லாபக் கணக்கை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது.

எனவே பேட்டரி வாங்குவதற்கு ஒரே நியாயமான காரணம் மின்தடை. வாரத்தில் எத்தனை மணி நேரம் மின்தடை, அப்போது எவை ஓடியே ஆக வேண்டும் என்று எழுதுங்கள். மூன்று மின்விசிறி, ஆறு விளக்கு, இணைய மோடம், ஒரு தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி ஆகியவை சேர்ந்து சராசரியாக 430 வாட் எடுக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.75 யூனிட். பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரியின் கொள்ளளவு 1.8 யூனிட் என்றாலும், ஆயுள் குறையாமல் எடுக்கக்கூடியது அதில் பாதிதான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம். எனவே இந்த வீட்டுக்கு 2.5 யூனிட் லித்தியம் பேட்டரி போதும். 10 யூனிட் பேட்டரியை யாராவது பரிந்துரைத்தால், எந்தச் சாதனத்துக்காக என்று கேளுங்கள்.

மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு நாளில் மட்டும் மின்சாரம் நிற்கும் நகர வீடுகளுக்கு நான் சொல்வது: பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் அப்படியே வைத்துக்கொண்டு, தகடுகளுக்குச் சாதாரண இணைப்பு இன்வெர்ட்டரை வாங்குங்கள். நீண்ட மின்தடை உள்ள கிராமப்புற வீடுகளும், மூச்சுக்கருவி போன்ற மருத்துவச் சாதனம் இயங்க வேண்டிய வீடுகளும், புயலுக்குப் பின் பல நாள் இருளில் இருந்த கடலோர வீடுகளும் பேட்டரிக்குச் செலவழிப்பது முற்றிலும் சரியானது. இன்று பணம் இல்லை, பிறகு சேர்க்கலாம் என்பவர்கள், இப்போதே ஹைபிரிட் இன்வெர்ட்டரை வாங்கி, முக்கியச் சாதனங்களுக்குத் தனி வயரிங் போட்டு வைத்தால் பின்னால் சுவரை உடைக்க வேண்டியிராது.

விண்ணப்பம்

விண்ணப்பிக்கும் முன், மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மானியம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கும் விண்ணப்பமும் இணைப்புதாரர் பெயரோடு பொருந்த வேண்டும். நம் வீடுகள் பலவற்றில், இணைப்பு இன்னும் மறைந்த தந்தையின் பெயரிலோ தாத்தாவின் பெயரிலோதான் இருக்கிறது. தகடெல்லாம் பொருத்தி முடித்த பின் அது தெரியவந்து, மானியம் மாதக்கணக்கில் நிற்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், சொத்து வரி ரசீது ஆகியவற்றோடு பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள். ஆதாரிலும் வங்கியிலும் முதலெழுத்து வேறு வேறு இடத்தில் இருந்தால் அதையும் சரிசெய்துகொள்ளுங்கள்.

பிறகு சூர்ய கர் தேசிய இணையதளத்தில் நுகர்வோர் எண்ணையும் கைபேசி எண்ணையும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அரசுத் தளத்தின் முகவரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; பதிவுக் கட்டணம், மானிய முன்பணம் என்று யார் கேட்டாலும் அது மோசடி. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான முழுமையான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு கிடையாது, அவை ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்த வேண்டியிருந்தால் அதையும் பகிர்மான நிறுவனமே செய்ய வேண்டும். 5 கிலோவாட் வரை மின்மாற்றி முதலிய கட்டமைப்பை வலுப்படுத்தும் செலவும் நிறுவனத்தையே சேரும். "உங்கள் தெருவில் மின்மாற்றி தாங்காது, அதற்குத் தனியாகச் செலவாகும்" என்று யாராவது சொன்னால் இந்த விதியை எடுத்துக்காட்டுங்கள்.

தளத்தில் பதிவு பெற்ற நிறுவுநரிடம் மட்டுமே வேலையைக் கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் மானியம் இல்லை. வேலை முடிந்ததும் இருவழி மீட்டர் பொருத்தி, மின்வாரிய அலுவலர் ஆய்வு செய்து, இயக்கச் சான்றிதழ் தளத்தில் ஏறும். அதன் பிறகு வங்கிக் கணக்கு விவரத்தையும் ரத்து செய்த காசோலையையும் பதிவேற்றினால், 30 நாட்களுக்குள் மானியம் உங்கள் கணக்குக்கு நேராக வர வேண்டும். மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கொடுங்கள் என்று நிறுவுநர் சொன்னால், மானியம் யார் கணக்குக்குப் போகிறது என்பதை உறுதிசெய்யாமல் கையெழுத்திடாதீர்கள். 3 கிலோவாட் வரை சொத்துப் பிணையமில்லாத குறைந்த வட்டிக் கடன் பொதுத்துறை வங்கிகளில் உண்டு; திட்டம் தொடங்கியபோது வட்டி சுமார் 7 சதவீதம்.

விலைப்புள்ளியைப் படிப்பது

குறைந்தது மூன்று நிறுவுநரிடம் எழுத்தில் வாங்குங்கள். கிலோவாட்டுக்கு எவ்வளவு என்ற ஒற்றை எண்ணை ஏற்காதீர்கள். தகட்டின் பெயரும் வாட்டும் எண்ணிக்கையும், இன்வெர்ட்டரின் பெயரும் மாதிரியும், சட்டகத்தின் பொருளும் உயரமும், கம்பியின் பருமனும் தனித்தனியாக இருக்க வேண்டும். தகட்டில் உள்ள சூரிய மின்கலமும் (சோலார் செல்) இந்தியாவில் தயாரானதாக இருந்தால்தான் மானியம் கிடைக்கும்; இங்கே வெறுமனே ஒட்டிச் சேர்த்தது போதாது. உள்நாட்டு மின்கலத் தகடுகளின் விலை கூடுதல் என்பதால், சிலர் விலைப்புள்ளியில் ஒன்றையும் மாடியில் வேறொன்றையும் ஏற்றிவிடுகிறார்கள். தகடுகள் வந்திறங்கும் நாளில், சட்டகத்தில் ஏற்றுவதற்கு முன், ஒவ்வொன்றின் பின்புறமும் உள்ள வரிசை எண்ணைக் கைபேசியில் படமெடுத்து, உள்நாட்டுத் தயாரிப்புச் சான்றில் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். 8 அல்லது 10 கிலோவாட் பொருத்துபவர்கள், 78,000 ரூபாய் மானியத்தோடு ஒரு விலையும், மானியம் இல்லாமல் சாதாரணத் தகடுகளுக்கு ஒரு விலையும் கேட்டு ஒப்பிட வேண்டும். பெரிய அமைப்புகளில் விலை வேறுபாடே மானியத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடக்கூடும்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளின் சரக்கு மற்றும் சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 சதவீதத் தொகைக்கு 5 சதவீதமும் 30 சதவீதத் தொகைக்கு 18 சதவீதமும் கணக்கிட்டால், மொத்தத்தில் 8.9 சதவீதம். பழைய 13.8 சதவீதத்தையே போட்டுக் கொடுத்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

பாதுகாப்பில் மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் நிலத்தொடர்பு (எர்த்). தகடுகளின் நேர்மின் (டி.சி.) பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்குப் பின் வரும் மாறுமின் (ஏ.சி.) பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று தனிக் குழிகள் வேண்டும். இரண்டை ஒன்றாகச் சேர்த்துவிட்டு மூன்று என்று எழுதுவதைப் பலமுறை பார்க்கலாம், எனவே குழி தோண்டும்போது அருகில் நில்லுங்கள். மேலும் இத்திட்டத்தில் ஐந்து ஆண்டுப் பராமரிப்பு நிறுவுநரின் கடமை. அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

பொருத்திய பிறகு

முதல் கணக்கீட்டின்போது பலர் பதறுவார்கள். கைபேசிச் செயலி 480 யூனிட் உற்பத்தி என்று காட்டும். மீட்டரிலோ வெளியே அனுப்பியது 300 என்று இருக்கும். மீதி 180 யூனிட்டைப் பகலில் வீடே நேரடியாகப் பயன்படுத்திவிட்டது, அது மீட்டரைத் தாண்டவே இல்லை, அதுவும் மிச்சம்தான். கணக்கீட்டாளர் வரும் நாளில் மீட்டர் திரையில் மாறி மாறி வரும் உள்வரவு, வெளியனுப்பு எண்கள் இரண்டையும் படமெடுத்து வைத்து, பில்லில் வெளியனுப்பு யூனிட் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று முதல் இரண்டு முறையாவது சரிபாருங்கள். மீட்டர் மாறியும் கணினியில் பழைய வகைப்பாடு மாறாமல் முழுக் கட்டணம் வருவதுண்டு; பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் இயக்கச் சான்றிதழ் நகலோடு எழுதிக் கொடுத்தால் அடுத்த கணக்கீட்டில் சரிசெய்வார்கள்.

தூசி படிந்தால் உற்பத்தி குறையும். மழையில்லாத மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சாலையோர வீடுகளில் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். சூரியன் ஏறுவதற்கு முன், அதிகாலையில் கழுவுங்கள். நண்பகல் சூட்டில் குளிர்ந்த நீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடக்கூடும். உப்பு மிகுந்த ஆழ்குழாய்த் தண்ணீர் வெண்படலமாகக் காய்ந்து, தூசியைவிட அதிகமாக ஒளியை மறைக்கும். மழைநீரோ குடிநீரோ கிடைக்காதபோது, ஆழ்குழாய்த் தண்ணீரில் கழுவிய உடனே ரப்பர் துடைப்பானால் நீரை வழித்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பருவமழைக்கு முன் செப்டம்பரில், நிறுவுநரை வரச்சொல்லித் திருகாணிகளையும் இணைப்பான்களையும் நிலத்தொடர்பையும் சோதித்து, சோதனைத் தாளில் கையெழுத்து வாங்கி, இயக்கச் சான்றிதழோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.